புளியங்கொட்டைச் சந்தை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கண்டிப் பக்கத்துக் கலகெதரயில் முன்பள்ளி நடத்துகிற பாயிஸா டீச்சர் நான்தான். பெற்றோர் சங்கத் தலைவர் ஷப்ராஸ் போன மாதம் என் வாசலில் நின்று இப்படிக் கேட்டார்:

"ஏன் டீச்சர், எங்கட ஸஹ்ரா ரெண்டு வருஷமா வாறா. இன்னம் ஆனா ஆவன்னா எழுத ஏலாது. கண்டி டவுன்ல புள்ளைகள் கொப்பி கொப்பியா எழுதுறாங்க. இங்க என்னதான் படிச்சுக் குடுக்கிறீங்க?"

கொப்பிப் படிப்புக்கு மாறாவிட்டால் பிள்ளைகளை டவுன் வேனில் ஏற்றிவிடுவோம் என்று பெற்றோரில் பாதிப்பேர் சொன்னார்கள். பாதி போனால் பள்ளியைப் பூட்ட வேண்டியதுதான். அவருக்கான பதிலைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "முன்பள்ளிக் கல்வியானது மொழி, கணிதம், சூழல், அழகியல் ஆகிய துறைகளை ஒருங்கிணைத்து..." (சீ, இது செமினார். யார் வாசிப்பார்கள்?)

தொடக்கம் இரண்டு: "மழை ஓய்ந்த காலையில் அந்தச் சின்னஞ்சிறு மொட்டுகள்..." (மொட்டாம் மொட்டு! இன்று காலையில் ஒரு மொட்டு என் கையைக் கடித்துவிட்டது.)

தொடக்கம் மூன்று: எங்கள் பள்ளியில் வருஷா வருஷம் பிள்ளைகள் சந்தை போடுவார்கள்.

சரி, இது நிற்கும்.

3

முன்பள்ளிச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு மேசையடியில் நிற்கும், உம்மா பின்னால் நின்று மரக்கறி விற்பா, பிள்ளை போட்டோவுக்குச் சிரிக்கும். இந்த முறை நான் சட்டம் போட்டேன்: மேசைக்குப் பின்னால் பெரியவர்கள் யாரும் வரப்படாது. காசும் கிடையாது. வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு கை புளியங்கொட்டை கொடுப்போம், அதுதான் காசு.*

(*அதை மூக்குக்குள் விடாமல் பிள்ளைகளைப் பழக்கவே ஒரு வாரம் போனது. அதுவும் பாடம்தான்.)

"அக்கா, அவுங்களாவே விப்பாங்களா? எனக்குப் பயமா இருக்கு," என்றாள் என் உதவி ஆசிரியை சிந்துஜா.

"எனக்கும்தான். பேசாம இரி."

4

ஷப்ராஸை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். பெரிய தொந்தி வைத்தேன். அவர் சிரித்தபோது அந்தத் தொந்தி... (நிறுத்து பாயிஸா. மனிசனுக்குத் தொந்தியே இல்லை.) ஹார்ட்வெயார் கடையைப் பூட்டிவிட்டு மகளுக்காக ஓடி வருகிற வாப்பா அவர். மகள் பின்தங்கிவிடுவாளோ என்ற பயம் அவருக்கு. பயந்தவரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை.

சந்தை நாளன்று ஸஹ்ராவின் மேசையில் வெண்டிக்காயும் வல்லாரைக் கட்டுகளும் இருந்தன. முன்னால் நீட்டு வரிசை. ஷப்ராஸ் நேரே முன்னுக்கு வந்து கையை நீட்டினார். "ஒரு சாமான்தானே" என்று முந்துவது நம்ம ஊரில் எல்லோரும் செய்கிற காரியம்.

"மகள், வாப்பாக்கு ஒரு வல்லாரைக் கட்டு. கெதியாத் தாங்க, கடைக்குப் போகணும்."

ஸஹ்ரா கட்டைத் தொடவே இல்லை.

"வாப்பா, இந்த ஆன்ட்டிதான் முந்தி வந்தாங்க. நீங்க பின்னுக்குப் போங்க."

முடிந்தது, நாளைக்கே வேன்தான் என்று நினைத்தேன். ஷப்ராஸின் முகம் சிவந்தது. பிறகு போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

5

அந்த ஆன்ட்டி, எங்கள் பள்ளிக்குப் பக்கத்து வீட்டு மாலனி. சிங்களப் பெண், தமிழ் வாசிக்கத் தெரியாது. ஸஹ்ராவின் மேசையில் படம் கீறிய ஒரு விலை அட்டை இருந்தது. வெண்டிக்காய்ப் படம், பக்கத்தில் மூன்று புளியங்கொட்டை. வல்லாரைப் படம், பக்கத்தில் இரண்டு. மாலனி ஒரு சொல்லும் கேட்காமல் மூன்று கொட்டைகளை வைத்தாள். ஸஹ்ரா தொட்டுத் தொட்டு எண்ணினாள், வெண்டிக்காயைக் கொடுத்தாள், சிங்களத்திலேயே நன்றி சொன்னாள்.

ஷப்ராஸின் முறை வந்தது. அவர் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத யார் மகள் எழுதின?"

"நான்தான். தமிழ் தெரியாதவங்களும் வருவாங்கதானே, வாப்பா?"

நான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. எண்ணைச் சொல்லிக் கொடுத்தேன், கீறச் சொல்லிக் கொடுத்தேன், வரிசையில் நிற்கப் பழக்கினேன். எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த ஆளை நினைத்தது அவள். (இங்கே "கண் கலங்கியது" என்று எழுதி அடித்துவிட்டேன். கலங்கவில்லை. வாய் காதுவரைக்கும் போனது. அவ்வளவு பெருமை!)

6

முடிவு அ: ஷப்ராஸ் மேடையேறி என்னைப் புகழ்கிறார். (பொய். எங்களிடம் மேடையே கிடையாது.)

முடிவு ஆ: டவுன் வேன் வந்து நிற்கிறது, பிள்ளைகள்... (இதை என் கையால் எழுத மாட்டேன்.)

நடந்ததைச் சொல்கிறேன். அன்று பின்னேரம் பெற்றோர் சங்கக் கூட்டம். பெற்றோர் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தார்கள். ஷப்ராஸ் எழும்பினார்.

"கொப்பிப் படிப்பு வேணும்கிறவங்க கையத் தூக்குங்க."

தலைவர் கடைசியாகத்தான் தூக்குவார், அது சங்கத்து வழக்கம். ஆகவே அவர் மனதில் என்ன இருந்தது என்று அந்த நேரம் யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் கதையை நிறுத்துகிறேன். யார் யார் தூக்கினார்கள் என்று கேட்காதீர்கள். எந்தக் கை எழுந்தாலும் நான் தலை குனிய மாட்டேன், நான் படிப்பித்தது என்னவென்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் ஒரு நாலு வயசு இருக்கலாம். பின் வரிசையில் ஒரு கதிரை வெறுமையாகத்தான் கிடக்கிறது, வந்து இருங்க.

இருந்தாச்சா? சரி, உங்கட கை எங்க?