கொழுந்தனோடு கப்பலுக்கு

சுன்னிவாவோடு ஒரே படகில் ஏறவே டோர்லைஃபுக்குப் பிடிக்கவில்லை. அவனுடைய அண்ணன் அஸ்லாக் அவளுக்குக் கணவன். கடலடியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலுக்கு அவளோடு முக்குளித்து இறங்கியவன் திரும்பவில்லை. அவள் மட்டும் வந்தாள். தன் காற்றைப் புருஷனுக்குத் தராமல் தப்பி வந்துவிட்டாள் என்று டோர்லைஃப் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். இப்போது அதே கப்பலில் சிக்கிய வலையொன்று காட் மீன்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. அந்த ஆழத்துக்கு இறங்கி அதை அறுக்க, மலைகளுக்கிடையே நுழைந்த அந்த ஃபியோர்டுக் கடலில் இவர்களை விட்டால் ஆளில்லை.

"நீ முன்னால போ. பின்னாடி வர்றவங்கள அம்போன்னு விடுறதுதான் உனக்குப் பழக்கமாச்சே."

"பேசினது போதும். குழாயக் கடி."

கீழே குளிர் பல்லைக் கிட்டவைத்தது. விளக்கொளியில் கப்பலின் விலாவெங்கும் வெள்ளைக் கடற்சாமந்திகள். கொதிகலன் ஓட்டையில் ஓர் ஓநாய்மீன் நண்டை ஓட்டோடு நொறுக்கியபடி அவர்களை முறைத்தது. ஆளுக்கொரு பக்கமாய், முதுகைக் காட்டிக்கொண்டு வலையை அறுத்தார்கள்.

திடீரென்று டோர்லைஃபின் மூச்சுக்கருவி குளிரில் உறைந்து, திறந்தபடியே நின்றுவிட்டது. காற்று குமிழிகளாய்ப் பீறிட்டுத் தீர்ந்துகொண்டிருந்தது. சுன்னிவா தன் காற்றுப்புட்டியின் இன்னொரு குழாயை நீட்டினாள். அவன் அதைத் தட்டிவிட்டு மேல்நோக்கி உதைத்தான். அப்படி ஒரே மூச்சில் ஏறினால் சாவுதான். அவள் அவன் வாரைப் பிடித்து இழுத்து, முகத்தில் ஒரு குத்து விட்டு, குழாயை வாயில் திணித்தாள். பிறகு நின்று நின்று ஏறினார்கள், ஒருவர் வாரை ஒருவர் பற்றியபடி, முகத்துக்கு முகம். பார்வையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

படகில் விழுந்ததும் உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினான்: "அன்னைக்கும் இப்படிக் குடுத்திருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பான்ல!"

"குடுத்தேன். உன்ன மாதிரியே தட்டிவிட்டான். அவன் வார் என் கையில சிக்கல."

டோர்லைஃப் எழுந்துபோய் இயந்திரத்தைக் கிளப்பினான். கரை வரும்வரை அவள் பக்கம் திரும்பவில்லை.

அந்தக் குளிர்காலத்தில், துறைமுகக் காப்பிக் கடையில் ஒருவன் பழைய கதையை எடுத்தான். டோர்லைஃப் கோப்பையை மேசையில் அடித்து வைத்தான்.

"அது பொய். நான் கட்டிவிட்டது. இனிமே எவனாவது சொன்னா பல்லு இருக்காது."

செய்தி சுன்னிவாவின் காதுக்கும் வந்தது. வழியில் எதிர்ப்பட்டால் இருவரும் இன்றும் பேசிக்கொள்வதில்லை.