பின்மோர் நூலகத்தில் அன்றைய வானிலை

பின்மோர் நூலகத்தின் பழைய பத்திரிகை அறைக்குள் குடையில்லாமல் வருகிறவர்களை நூலகர் ஏவிஸ் டோர்னாஃப் விடுவதில்லை. பத்திரிகைகளைப் படமெடுத்து வைத்த மைக்ரோஃபிலிம் சுருளைக் கருவியில் ஏற்றி, திரையில் ஒரு தேதி வந்து நின்றால், அந்த நாளின் வானிலை அறைக்குள் இறங்கிவிடும். நேரமும் தவறாது. அன்று மூன்று மணிக்கு ஆலங்கட்டி விழுந்திருந்தால் இன்றும் மூன்று மணிக்கு விழும். கருவி வந்த நாளிலிருந்தே இப்படித்தான். நகராட்சி ஆளனுப்பிப் பார்த்துவிட்டு, தரையில் ஒரு வடிகால் வைத்துக் கொடுத்தது.

எழுதுகிறவர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. ஹோபார்ட்டிலிருந்து வந்த நாவலாசிரியை ஒருத்தி 1937 வெள்ளத்தில் முழங்கால் வரை நின்று ஒரு கொலைக்குக் குறிப்பெடுத்தாள். உருளைக்கிழங்கு விளைச்சலை ஆராய வந்த மாணவர்கள் மழை பொய்த்த வருடங்களைப் பார்த்து முகம் கறுத்துத் திரும்பினார்கள். ஏவிஸ் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. 1952 பிப்ரவரிச் சுருளைக் கேட்டால் மட்டும், பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்பாள். அது அவள் மேசை இழுப்பறையில் பன்னிரண்டு வருடமாகக் கிடந்தது.

அந்த மாதம் பதினான்காம் தேதி மாலை நாலு மணிக்கு அவள் அப்பா ஆல்ஃப் ஓட்டிய பயணிகள் படகு ஆற்று முகத்துவாரப் பாறையில் மோதி ஒன்பது பேர் செத்தார்கள். பிழைத்தவர் ஆல்ஃப் ஒருவர்தான். ஊரே மரம் வெட்டும் போட்டி பார்க்கக் கரையை விட்டுத் தொலைவிலுள்ள ஊருக்குப் போயிருந்ததால் வேறு சாட்சி இல்லை. மூடுபனியில் பாறை தெரியவில்லை என்றார். விசாரணையும் அப்படியே எழுதிக்கொண்டது. சாகும்வரை முப்பது வருடம் அதையே சொன்னார். ஏவிஸ் அப்பாவை முழுதாக நம்பினாள். அந்தப் பாறை நூலக ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தும், சுருளை ஏற்றி அன்று மூடுபனி இருந்ததா என்று பார்க்க மட்டும் அவளுக்குக் கை வரவில்லை.

பூமியின் தென்பாதியிலிருக்கும் அந்த ஊருக்குக் குளிர்காலமான ஒரு ஜூலை மாதம் மெர்வ் கீவ்ஸ் வந்தார். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். தபாலில் துப்பறியும் பாடம் படித்துக்கொண்டிருந்தார். செத்த ஒன்பது பேரில் ஒருத்தி அவருடைய அம்மா. சுருள் பழுதுக்குப் போயிருக்கிறது என்று ஏவிஸ் வழக்கம்போலச் சொன்னாள்.

“பன்னெண்டு வருஷமாவா பழுது பாக்குறாங்க, ஏவிஸ்? அதுக்குள்ள அந்தப் படகையே புதுசாக் கட்டியிருக்கலாமே,” என்றார் மெர்வ். அவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். “நான் குத்தம் சொல்ல வரல. எனக்கு அப்ப ஆறு வயசு. எங்கம்மா கடைசியா வெளிய எதப் பாத்தாங்கன்னு தெரிஞ்சாப் போதும்.”

ஏவிஸ் இழுப்பறையைத் திறந்தாள்.

மூன்றரைக்குச் சுருளை ஏற்றினார்கள். வெளியே குளிர்மழை, உள்ளே பிப்ரவரி வெயில் அடித்தது. நாலாக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏவிஸ் மூலைகளைப் பார்த்தாள், பனி எப்போதும் அங்கேதான் முதலில் சேரும். நாலு அடித்தது. நாலேகாலும் ஆயிற்று. எதிர்ச்சுவர் நாள்காட்டியின் பொடி எழுத்துகூடத் துலக்கமாகத் தெரிந்தது. ஏவிஸ் அழுதாள். இத்தனை காலம் ஏமாந்ததில் கோபம் வந்தது; அதைவிட, அந்தப் பொய்யோடு அப்பா தனியாக முப்பது வருடம் இருந்தது வலித்தது.

மெர்வ் எழுந்து மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். “நல்ல நாளாத்தான் இருந்திருக்கு,” என்றார். “அம்மாவுக்கு வெயில்னா உசுரு.”

மறுவாரம் நகராட்சிக்குக் கடிதம் எழுதி, முகத்துவார நினைவுப்பலகையிலிருந்து மூடுபனி என்ற சொல்லை ஏவிஸே எடுக்கச் சொன்னாள். ஊரில் சிலர் ஒரு மாதம் அவளிடம் பேசவில்லை, பிறகு பேசினார்கள். சுருள்களின் பட்டியலில் அந்தத் தேதிக்கு நேரே, வெயில், இளங்காற்று, பனி இல்லை என்று தன் கையால் எழுதினாள். குளிர்காலத்தில் மூட்டுவலிக்காரர்கள் வந்து அந்தச் சுருளைத்தான் கேட்கிறார்கள். செவ்வாய்தோறும் மெர்வ் ஃபிளாஸ்க்கில் தேநீரோடு வருகிறார். ஏவிஸ் மூன்றரைக்கு ஏற்றிக் கொடுக்கிறாள். நாலு மணியானதும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்களோடு அவளும் வெயில் காய்கிறாள்.