கை முதலில் போகும் இடம்

பன்னிரண்டாவது மெத்தையை இறக்கியபோது மஸ்தூராவுக்கு மூச்சு வாங்கியது. இன்னும் ஐந்து இருந்தன. அவற்றுக்குக் கீழேதான் தகரப்பட்டை அடித்த அந்த மரப்பெட்டி.

"மெதுவா இறக்குங்க சித்தி, நான் பிடிக்கிறேன்" என்றாள் குல்சோரா. விடிந்ததும் விடியாததுமாக ஃபெர்கானா நகரத்திலிருந்து கார் பிடித்து வந்தவள். அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது.

பக்கத்து அறையில் குல்சோராவின் அம்மா, மஸ்தூராவின் மூத்த ஓரகத்தி சனோபர், தாடையைக் கட்டி, போர்வை மூடிக் கிடந்தாள். விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். வாசலில் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் புருஷன் யோல்தோஷ் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்தாள் என்பதை மட்டும் ஒருமுறைகூட விடவில்லை.

நண்பகல் லுஹர் தொழுகைக்குள் எடுத்தாக வேண்டும். ஆண்கள் இடுப்பில் துண்டைக் கட்டி, தொப்பியோடு வாசலில் வரிசையாக நின்றுவிட்டார்கள். குளிப்பாட்ட வந்த ஹாஜரக்கா கையைத் தோள்வரை கழுவிக்கொண்டு வந்து கேட்டாள்.

"தண்ணி கொதிச்சாச்சு. போற மூட்டைய எடுத்துக் குடுங்கம்மா."

ஐம்பது தாண்டிய பெண்கள் எல்லோரும் கட்டி வைக்கிற மூட்டைதான். உடலைச் சுற்ற வெள்ளைத்துணி, சோப்பு, பஞ்சு, குளிப்பாட்டுகிறவர்களுக்குத் தலைத்துணி, வந்தவர்களுக்குக் கிழித்துக் கொடுக்கச் சீட்டித்துணி. தன் சாவுக்கு இன்னொருத்தர் அலையக் கூடாது.

"சனோபர் வீட்டுல தேடவா வேணும்? கண்ணக் கட்டிக்கிட்டுப் போய் எடுக்கலாம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சுற்றியிருந்தவர்கள் அழுகைக்கு நடுவே தலையாட்டினார்கள். அந்தத் தெருவில் எந்த வீட்டில் சாவி தொலைந்தாலும் சனோபரைத்தான் கூப்பிடுவார்கள்.

"பெட்டியில, இடது மூலையில, அடியில. போன வருஷம் எனக்குக் காட்டுனாங்க" என்றாள் குல்சோரா.

கடைசி மெத்தையும் இறங்கியது. பெட்டியின் மூடியில் கை வைத்த பிறகுதான் மஸ்தூராவுக்குச் சித்திரை மாதத்து அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது.

அன்று அவள் மகனுக்குக் கல்யாணம். பெண்ணை அழைத்து வந்த கார்கள் தெருமுனைக்கு வந்துவிட்டன. நீள ஊதுகுழல்கள் ஊளையிடுகின்றன. மருமகள் வாசலிலிருந்து அறைவரை நடந்து வர விரிக்கிற வெள்ளை நடைபாவாடையைக் காணோம். பத்திரமாக இருக்கட்டும் என்று மஸ்தூராவே எங்கேயோ வைத்தது. அவள் பத்திரமாக வைத்த பொருள் அவளுக்கே அகப்படாது என்பது ஊரறிந்த சங்கதி. ஓடி வந்தாள். மெத்தைகள் விருந்தாளிகளுக்காக ஏற்கெனவே இறங்கியிருந்தன. பெட்டியைத் திறந்து, இடது மூலையில் கையை விட்டு, வெள்ளையாய் அகப்பட்டதை உருவிக்கொண்டு போனாள். மருமகள் சேவரா அதன்மேல் நடந்து வந்தாள். அவள் கால் எடுத்த இடத்தையெல்லாம் குழந்தைகளும் பெண்களும் வழக்கப்படி ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். ஒரே சிரிப்பு.

அது என்ன துணி என்று மூன்றாம் நாள் படுக்கையில் கிடக்கும்போதுதான் மஸ்தூராவுக்கு உறைத்தது. நாளைக்கே புதுசு வாங்கி வைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அந்த நாளைக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது. சனோபர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத் தெரியவில்லை என்றே மஸ்தூரா நிம்மதியாக இருந்தாள்.

மூடியைத் திறந்தாள். இடது மூலை காலியாக இருந்தது. துணி இருக்காது என்று தெரியும். ஆனால் சோப்பும் இல்லை, தலைத்துணிகளும் இல்லை, மூட்டையே இல்லை.

"அம்மா வச்ச இடம் மாறாதே" என்றாள் குல்சோரா. பெட்டியைத் தலைகீழாகக் கொட்டினார்கள். அலமாரி, பாத்திரப் பரண், மாவு டிரம்முக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார்கள். சனோபரின் வீடு திறக்கத் திறக்க ஒழுங்காகவே இருந்தது. விதைகள் தீப்பெட்டிகளில், பொத்தான்கள் நிறம் நிறமாய், பழைய மின்சார ரசீதுகள் வருஷவாரியாக. போற மூட்டை மட்டும் இல்லை.

யோல்தோஷ் அறைவாசலில் வந்து நின்றார். "என்ன இவ்வளவு நேரம்?"

"மூட்டையக் காணோம் மச்சான்."

"அவ மூட்டையா? காணோமா?" அவர் அவர்களைப் பார்த்த பார்வையில் இன்னும் நம்பிக்கை இருந்தது. "அவகிட்டயே கேட்டா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை. சந்தை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி தனக்கு வைத்திருந்த துணியைக் கொண்டு வரப் போனாள். கடன் வாங்கிய துணியில் போவதில் பாவம் ஒன்றும் இல்லை என்று ஹாஜரக்கா சொன்னாள். பாவம் இல்லைதான். ஆனால் சனோபர் முப்பது வருஷத்தில் அடுத்த வீட்டில் ஒரு சல்லடைகூட இரவல் வாங்கியதில்லை.

மஸ்தூராவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. குல்சோராவின் கையைப் பிடித்துச் சாமான் அறைக்கு இழுத்துப் போனாள்.

"குல்சோரா, அந்தத் துணிய நான்தான் எடுத்தேன். கல்யாணத்தன்னிக்கு."

"எந்தத் துணிய?"

"நடைபாவாடை கிடைக்கல. அவசரத்துல... வாங்கி வைக்கணும்னு நினைச்சேன். மறந்துட்டேன்."

குல்சோராவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "எங்கம்மாவச் சுத்த வேண்டியதையா உங்க மருமக மிதிச்சுட்டு வந்தா?"

"ஆமா."

"ஆறு மாசம் மறந்தீங்களா? ஒருநாள்கூடவா ஞாபகம் வரல?"

குல்சோரா கையை உருவிக்கொண்டு வெளியே போனாள். கதவருகே தேநீர்த் தட்டோடு நின்ற சேவரா, தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஸ்தூராவுக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அக்காவிடம் சொல்லியிருந்தால் என்ன? இரண்டு திட்டு திட்டியிருப்பாள். அவ்வளவுதான்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டின் இளைய மருமகளாக வந்தபோது மஸ்தூரா முதல் வாரத்திலேயே மோதிரத்தை ரொட்டி மாவில் தொலைத்தாள். இரண்டாம் வாரம் கத்தரிக்கோல். ஓரகத்தி என்றால் மாமியாரிடம் போட்டுக்கொடுப்பாள் என்றுதான் பயந்தாள். சனோபரோ மூன்று நாள் சும்மா அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் தையல் டிராயரில் இருந்த வேறொரு கத்தரிக்கோலை எடுத்து, ரொட்டி சுற்றி வைக்கும் துணிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள்.

"அங்கயாக்கா? கத்தரிக்கோலா?"

"தேடுறப்ப உன் கை முதல்ல அங்கதான் போகுது. கை எங்க போகுதோ அதுதான் பொருளோட இடம். கைய மாத்த முடியாதுடி, ஆணியத்தான் மாத்தணும்."

எத்தனையோ சொல்லுவாள். வெறுங்கையோடு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகாதே, போகிற வழிக்கு ஏதாவது ஒரு பொருள் காத்திருக்கும் என்பாள். மெத்தைகளை மடிப்பு வெளியே தெரிய அடுக்கு, தொடாமலே எண்ணலாம் என்பாள். ஒரு பாத்திரம் உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகணும் என்பாள். மஸ்தூரா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். ஒன்றையும் செய்ய மாட்டாள்.

அவளுக்கென்று தாழ்வாரத்தில் ஒரு செத்த ஃப்ரிட்ஜ் இருந்தது. சோவியத் காலத்தது. மோட்டார் எரிந்து பதினைந்து வருஷம். பழைய இரும்புக்காரனை சனோபர் மூன்று தடவை கூப்பிட்டாள். ரிப்பேர் பண்ணிடலாம்க்கா என்று மூன்று தடவையும் மஸ்தூரா குறுக்கே விழுந்து தடுத்தாள். விருந்தாளி வருகிறார்கள் என்றால் அறையில் சிதறிக் கிடப்பதையெல்லாம் அள்ளி அதற்குள் திணித்து, முழங்காலால் கதவை முட்டி மூடுவாள். "மஸ்தூராவோட மூளை" என்று அதற்கு சனோபர் பெயர் வைத்திருந்தாள். திறந்தால் தலையில் விழும், தேடினால் கிடைக்காது.

"மஸ்தூரா!" ஹாஜரக்காவின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுத் துணி வந்து சேர்ந்திருந்தது. "ஊசி குடு. கண்ணு பெருசா ஒண்ணு. நேரமாகுது."

ஊசி. சனோபரின் பொத்தான் டப்பாவுக்குப் பக்கத்தில் ஊசிப்பெட்டி இருப்பதைச் சற்றுமுன்தான் பார்த்தாள். ஆனாலும் கால்கள் பழக்கத்தில் தாழ்வாரத்துக்குத்தான் போயின. ஃப்ரிட்ஜின் கதவை இழுத்தாள். மேலே விழப்போகும் சாமான்களுக்காக ஒரு கையைத் தூக்கிக்கொண்டாள்.

ஒன்றும் விழவில்லை.

மேல் தட்டில் பிள்ளைகளின் ஒற்றைச் செருப்புகளும் அறுந்த சார்ஜர் கம்பிகளும் எப்போதும் போல அடைந்து கிடந்தன. கீழ்த்தட்டும் அப்படியே. போன மாதம் திறந்தபோது பிதுங்கிக் கிடந்த நடுத்தட்டு மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதில் இரண்டு மூட்டைகள், பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் ஒரே வெள்ளைத்துணியைக் கிழித்துக் கட்டியவை. கிழிசல் ஓரங்கள் மடித்துத் தைக்கப்பட்டிருந்தன. துவைத்தும் போகாத ஒரு மருதாணிக் கறை, ஒரு குழந்தையின் விரல் அளவுக்கு.

சேவரா நடந்து வந்த அதே நடைபாவாடை.

"குல்சோரா!" என்று அவள் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற ஆண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

குல்சோரா ஓடி வந்தாள். முதல் மூட்டையைப் பிரித்தார்கள். புதுத்துணி, இன்னும் கடை வாசம் போகாமல். சோப்பு, பஞ்சு, தலைத்துணிகள், சீட்டித்துணி. நூல் கோத்த ஊசி ஒன்று துணியின் ஓரத்திலேயே குத்தியிருந்தது.

"இங்க ஏன் வச்சாங்க? இந்தக் குப்பையில?" என்றாள் குல்சோரா.

மஸ்தூராவுக்குத் தெரிந்தது. தன் மூட்டையைத் தேடி எடுக்கப் போகிற கை யாருடையது என்று அக்கா யோசித்திருக்கிறாள். துணி போனதும் அவளுக்குத் தெரியும், எடுத்தது யார் என்பதும் தெரியும். ஆறு மாதம் தினமும் எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாளே, ஒருநாள் முகம் மாறவில்லையே. மஸ்தூரா ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"இன்னொண்ணு யாருக்கு?" ஹாஜரக்கா இரண்டாவது மூட்டையைப் பிரித்துத் துணியைத் தன் தோளிலிருந்து தரைவரை விட்டு அளந்து பார்த்தாள். "சனோபருக்கு இவ்வளவு நீளம் வேண்டாமே. அவ குள்ளமாச்சே."

குல்சோரா துணியைப் பார்த்தாள், பிறகு மஸ்தூராவைப் பார்த்தாள். அந்த வீட்டிலேயே நெட்டைப் பெண்பிள்ளை அவள்தான்.

"சித்தி" என்றாள் மெதுவாக. "இது உங்க உயரம்."

லுஹருக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது சனோபர் புறப்பட்டாள். துணியை அவள் சொல்லி வைத்திருந்தபடியே கையால் கிழித்து, அந்த ஊசியாலேயே தைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் துணியை மடித்துத் திரும்ப எடுத்துப் போனாள். பெண்கள் வாசல்வரை கதறிக்கொண்டு போய் நின்றார்கள். ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிப் பாடையை ஓட்டமும் நடையுமாகக் கொண்டு போனார்கள். சனோபருக்கு எப்போதுமே தாமதம் பிடிக்காது.

சாயங்காலம் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சூப்பும் ரொட்டியும் வந்தன. மூன்று நாளைக்கு இந்த வீட்டில் அடுப்பு எரியாது. வந்தவர்கள் உட்கார்ந்து எழுந்த பதினேழு மெத்தைகளும் நாலு அறைகளில் கிடந்தன. மஸ்தூராவும் சேவராவும் ஒவ்வொன்றாக உதறி மடித்து அடுக்கினார்கள். பத்தாவதில் மடிப்பு உள்பக்கம் போய்விட்டது. மஸ்தூரா எல்லாவற்றையும் இறக்கி மறுபடி அடுக்கினாள். சேவரா எதுவும் கேட்காமல் உதவினாள்.

யோல்தோஷ் கையில் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். "மஸ்தூரா, சர்க்கரை எங்கம்மா இருக்கு?"

"ஜன்னலோரத்துல, பச்சை டப்பாவுல, மச்சான்."

"அங்கயா?" அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். "கை வைக்கிற இடத்துலயேதான் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குல்சோரா தாழ்வாரத்துக் கட்டிலில் சுருண்டு தூங்கிப்போயிருந்தாள். இரண்டாவது மூட்டை அவள் தலைமாட்டில் இருந்தது. மஸ்தூரா அதை எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் திரும்பினாள். பெட்டியின் இடது மூலை இப்போது காலிதான். அங்கே வைத்தால் ஒழுங்காக இருக்கும். அக்காவின் இடம்.

"சேவரா."

"சொல்லுங்க மாமி."

"இந்த வீட்டுல ஏதாவது காணோம்னா நீ முதல்ல எங்க போய்த் தேடுவ?"

சேவரா தயங்கினாள். மாமி கோபித்துக்கொள்வாளோ என்று பார்த்தாள். பிறகு கண்ணால் காட்டினாள்.

"அந்த ஃப்ரிட்ஜுலதான் மாமி. உங்க சாமான் வேற எங்க இருக்கும்?"

மஸ்தூரா நடுத்தட்டைக் கையால் ஒருமுறை துடைத்தாள். மூட்டையை அதில் வைத்து, முழங்காலால் முட்டிக் கதவை மூடினாள்.