போன்ல இருக்கிற அம்மா

சர்வதேசப் பொருளாதாரச் சட்டம் படிக்க சுமலதா நெதர்லாந்துக்குக் கிளம்பியபோது, அவள் மகள் நிறைமதி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள்.

சுமலதா அரூர் கோர்ட்டில் வக்கீல். கம்பைநல்லூரில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த வியாபாரி ஒருவருடைய மஞ்சள் லோடு, பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகச் சொல்லி வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தது. "அவங்க நெனச்சா திருப்பி அனுப்பிடலாமாம்மா, சட்டம் இல்லையா?" என்று அவர் கேட்டார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தவளுக்கு அதில் பைத்தியமே பிடித்துவிட்டது. இடையில் குழந்தை பிறந்தது. அடுத்த வருஷம் உதவித்தொகையோடு எல்.எல்.எம். இடமும் கிடைத்தது.

வேண்டாம் என்று எழுதிவிடத்தான் இருந்தாள். கணவன் மதியழகன் விடவில்லை. அவன் அரசுப் பள்ளி ஆசிரியன்.

"இந்த சான்ஸ் திரும்ப வராது சுமா. பாப்பாவ அக்கா பாத்துக்கும்."

அக்கா என்றால் அன்பரசி. பிள்ளையில்லை என்று புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டதும் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். "நீ தைரியமா போய்ட்டு வா. நான் இருக்கறன்ல" என்று அவளும் சொன்னாள்.

ஒரு நாடு இன்னொரு நாட்டுச் சரக்கை எதைச் சொல்லித் தடுக்கலாம், எதைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்று சுமலதா வகுப்பில் விடாமல் வாதாடினாள். பேராசிரியர்கள் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டாள். மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு வீடியோ கால் போடுவாள். முதலில் நிறைமதி போனுக்கு முத்தம் கொடுத்தாள். பிறகு போனைப் பார்த்ததும் கார்ட்டூன் கேட்டாள். அப்புறம் கையை ஆட்டிவிட்டு ஓடிப்போனாள். நேரில் பார்த்தால் சரியாகிவிடும் என்று சுமலதா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

படிப்பு முடிந்து பொம்மிடி ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது மூன்று பேரும் காத்திருந்தார்கள். சுமலதா பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கைகளை நீட்டினாள். குழந்தை அன்பரசியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அம்மா பாரு சாமி. அம்மாகிட்ட போ" என்றாள் அன்பரசி.

"அம்மா போன்ல இருக்குது" என்றாள் நிறைமதி.

மதியழகன் சிரித்தான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

அன்றே இன்னொன்றும் தெரிந்தது. தூக்கம் வந்ததும் குழந்தை அன்பரசியின் முந்தானையைப் பிடித்து "ம்மா" என்றது. அன்பரசி பதறிப்போனாள்.

"அத்தைன்னு சொல்லு கண்ணு... நான் சொல்லிக்குடுக்கல சுமா, சத்தியமா. எத்தன தடவ திருத்தினாலும் கேக்க மாட்டேங்குது."

"தெரியும் அண்ணி" என்று சொல்லிவிட்டு சுமலதா பெட்டியைப் பிரிக்கப் போனாள். எதை வெளியே எடுக்கிறோம் என்றே தெரியாமல் எடுத்து வைத்தாள்.

டெல்லியில் ஒரு வணிகச் சட்ட ஆய்வு மையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. குழந்தையோடு அவள் முதலில் போவது, மதியழகன் லீவு போட்டுவிட்டுப் பின்னால் வருவது என்று பேச்சு. ஆனால் அவள் ஊட்டினால் குழந்தை துப்பியது, தூக்கினால் விறைத்துக்கொண்டது. ஒரு நாள் காலை அன்பரசி பையோடு வந்து நின்றாள்.

"இண்டூர்ல சித்தி வூட்டுக்குப் போறன். நான் கண்ணெதிர்ல இருக்கற வரைக்கும் அது உங்கிட்ட ஒட்டாது."

எழுந்ததும் நிறைமதி கதவுக்குப் பின்னால் தேடினாள். கட்டிலுக்கு அடியில் தேடினாள். ஒளிந்து விளையாடுவதாக நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் தேடினாள். பிறகு கத்த ஆரம்பித்தவளை யாராலும் அடக்க முடியவில்லை. காய்ச்சல் வந்தது. "ஏக்கம்தாங்க, வேற ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர்.

காய்ச்சல் விட்டதும் அழுகையும் நின்றது. சுமலதா ஊட்டியதை நிறைமதி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அதைத்தான் சுமலதாவால் தாங்க முடியவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் பொறு. பழகிக்கும்" என்றான் மதியழகன்.

"பழகிக்குங்க. நான் போனதுக்கும் பழகிக்கிச்சில்ல? இன்னொரு தடவ அத அப்டிப் பழக வெக்கணுமா?"

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இண்டூரில் அன்பரசி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "ம்மா!" என்று குழந்தை சுமலதாவின் இடுப்பிலிருந்து பாய்ந்தது. அன்பரசி வாரி அணைத்துக்கொண்டு, "அத்தைன்னு..." என்று தொடங்கினாள்.

"திருத்தாதீங்க அண்ணி. அப்டியே கூப்புடட்டும்."

"என்ன சுமா பேசற நீ?"

"எங்களோட டெல்லிக்கு வாங்க."

அன்பரசி அவளையே பார்த்தாள். "நான் வந்தா, அது உன்ன அம்மான்னு கூப்புடாமயே வளந்துடும் சுமா."

"தெரியும். வாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் நிறைமதி அன்பரசியின் மடியில் தூங்கிப்போனாள். கால்கள் சுமலதாவின் மடிக்கு நீண்டிருந்தன. அவள் அந்தப் பாதங்களை மெதுவாகக் கைக்குள் எடுத்துக்கொண்டாள். குழந்தை இழுத்துக்கொள்ளவில்லை. எழுப்பிவிடுவோமோ என்று, வழிந்த கண்ணீரைக்கூடத் துடைக்காமல் சுமலதா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.