கிளம்பும்போது சொல்கிற வார்த்தை

அந்த ஊரிலேயே பிறந்து முப்பத்தொன்பது வருஷம் ஓட்டியிருந்தும், கோட்டை மணிக்கூண்டுக்கு எந்தப் பக்கமாக ஏறுவது என்று மருந்துக்கடைக்காரிக்குத் தெரியாது. இதை அவள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. சொந்த ஊரை யார்தான் சுற்றிப் பார்க்கிறார்கள்? வெளியூர்க்காரர்கள் தொப்பியும் வரைபடமுமாக வந்து வெயிலில் அலைவார்கள், உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு வழி சொல்வார்கள், அதுவும் பாதி தப்பாக. நாட்டின் தெற்கு மூலையில், நானூறு வருஷத்து மதிலுக்குள் கிடந்த அந்த ஊரில் தலைவலி மாத்திரை விற்பதே அவளுக்குப் போதுமான வேலையாக இருந்தது.

ஊருக்கு லிப்ட் போட வந்திருந்த லிப்ட்காரர் முதலில் முழங்கை வலிக்குக் களிம்பு வாங்கத்தான் வந்தார். வாங்கிக்கொண்டு நகராமல், "மேடம், மணிக்கூண்டுக்கு எப்படி ஏறணும்?" என்று கேட்டார்.

"படி இருக்கும்" என்றாள்.

"படி இருக்கும்னு எனக்கும் தெரியுது மேடம். எங்க இருக்குன்னுதான் தெரியல."

அவளுக்கு மானம் போயிற்று. அந்தச் சனிக்கிழமை அரைநாள் கடை முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல் படியைத் தேடிக்கொண்டு போனாள். கோட்டை உள்முற்றத்தில் அவரும் அதையேதான் தேடிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் அலைந்து, குதிரை லாயத்துக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள். நூற்றுப் பதினேழு படி. மேலே போனதும் அவள் தன் வீட்டு மொட்டைமாடியைப் பார்த்தாள், காயப்போட்டிருந்த தன் சேலையைப் பார்த்தாள், அதற்கு அப்பால் கடலைப் பார்த்தாள். இவ்வளவு பக்கத்திலா கடல் இருக்கிறது என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

அதிலிருந்து எல்லாச் சனி, ஞாயிறும் அப்படி ஆகிவிட்டது. ஊரில் அதுவரை லிப்டே கிடையாது. மதிலைவிட உயரமாக எதையும் கட்டக் கூடாது என்று பழைய விதி ஒன்று இருந்ததால், யாரும் நாலு மாடிக்கு மேல் ஆசைப்பட்டதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒன்று, பழைய நூலகத்துக்கு ஒன்று என்று இரண்டு லிப்ட் போடுவதற்காகக் கம்பெனி அவரைப் பதினோரு மாசத்துக்கு அனுப்பியிருந்தது. வயது நாற்பத்து நாலு. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் பிரிந்தவர். அதைப் பற்றி ஒரே ஒரு தடவை, ஒரே வாக்கியத்தில் சொன்னார். அவளும் தோண்டிக் கேட்கவில்லை.

அவருக்கு எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "இந்தக் கல்லை எப்படித் தூக்கியிருப்பாங்க?" மதிலின் தென்வாசலில், சந்தைக்கு அடியில் இருந்த நீர்த்தொட்டியில், கலங்கரை விளக்கத்தின் உச்சியில், எங்கே நின்றாலும் அண்ணாந்து பார்த்து இதைத்தான் கேட்பார். அவளுக்கோ எதை எடுத்தாலும் தேதி பார்க்கிற புத்தி. கல்வெட்டில் கட்டிய வருஷத்தைப் படித்துவிட்டு, காலாவதி தேதி எங்கே என்று தேடுவாள். "போட மறந்துட்டாங்க, அதான் இன்னும் நிக்குது" என்பார் அவர். பெரிய நகைச்சுவை ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள்.

கீழ்வீட்டில் இருந்த அவள் தம்பி, அவருக்கு மின்தூக்கி என்று பெயர் வைத்தான். "அக்கா, மின்தூக்கி வந்தாச்சா? இன்னிக்கு எத்தனையாவது நூற்றாண்டுக்குப் போறீங்க?" என்று கேலி செய்வான். "போடா, வேலையைப் பாரு" என்பாள். கேலி பண்ணட்டும் என்றுதான் இருந்தது. அந்த வீட்டில் அவள் கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், எப்போது நின்றது என்றே யாருக்கும் தெரியாமல் நின்று போயிருந்தது.

இப்படியே பதினோராவது மாசமும் வந்துவிட்டது. நூலகத்து லிப்ட் ஓட ஆரம்பித்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை அவர் கிளம்ப வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை தென்வாசல் பஸ் நிறுத்தத்தில் அவள் டவுன் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் கீழே நின்று ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். பஸ் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்ததால், "வியாழக்கிழமை" என்ற ஒரு சொல்தான் அவள் காதில் விழுந்தது. கிளம்புகிற தேதியைத்தான் மறுபடி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். "சரி, வரேன்" என்று கையை ஆட்டினாள். அவர் முகமெல்லாம் பல்லாக நின்றார். போகப் போகிற மனுஷனுக்கு என்ன இவ்வளவு சிரிப்பு என்று வீடு சேரும்வரை அவளுக்குக் கோபமாக இருந்தது.

இந்தச் சனிக்கிழமை, கோட்டைக்குக் கல் வெட்டிய பழைய குவாரிக்குப் போவதாக ஏற்பாடு. ஊருக்கு வெளியே ஒன்பது கிலோமீட்டர். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அதுவே அதிசயம். பஸ்ஸில் உட்கார்ந்ததும், "ஊர்ல எங்க அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"நீங்க வர்றதைத்தான். ஒரே சந்தோஷம் அவங்களுக்கு."

எப்போதாவது ஊர் பார்க்க வரச் சொல்கிறார் போலிருக்கிறது என்று அவள் தலையாட்டினாள்.

"வீட்டுக்காரர்கிட்டயும் பேசிட்டேன். இப்ப இருக்கறது ஒத்தை ரூம். ரெண்டு பேருக்குப் பத்தாது. மாடில ரெண்டு ரூம் காலியா இருக்கு, தரேன்னாரு. அந்தத் தெருவுலயே மூணு மருந்துக்கடை. உங்களுக்கு வேலை கிடைக்கறது ஒரு பிரச்சினையே இல்ல. வியாழக்கிழமையே வரணும்னு இல்ல. நோட்டீஸ் குடுக்கணும்ல, மெதுவா வாங்க."

அவளுக்குத் திக்கென்றது. போன ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து, உறுமுகிற பஸ்ஸிலிருந்து, தான் எதற்குச் சரி சொல்லியிருக்கிறோம் என்று இப்போதுதான் விளங்கியது. யாரைச் சொல்லி என்ன பயன்? நம்மில் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்பவர் யார்? ஜன்மத்துக்கும் திரும்பாதவன்கூட வரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் படியிறங்குவான். அந்த ஒரு வார்த்தையை வைத்து இந்த மனுஷன் இரண்டு ரூமுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் எழுதிய சீட்டில் அளவு தப்பாக இருந்தால், எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் போன் போட்டு, "சார், இது அரை மாத்திரையா ஒண்ணரையா?" என்று கேட்கிறவள்தான் அவள். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மாடிக்கு எந்தப் பக்கம் காற்று வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. அவர் சொல்வதைக் கேட்கக் கேட்க உள்ளுக்குள் குளிர்ந்தது. அதே சமயம், யாரோ அவளைத் தூக்கி வேறு ஊரில் வைத்துவிட்டு, பிறகு வந்து தகவல் சொல்வது போலவும் இருந்தது. சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்து வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்? டிக்கெட்டைக் குழாயாகச் சுருட்டிப் பிரித்து, மறுபடி சுருட்டிக்கொண்டு வந்தாள்.

குவாரி பெரிய பள்ளம். மூன்று பக்கமும் சுவர் போல வெட்டிய பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர். ஓரத்தில் வெட்டி முடித்தும் எடுத்துப் போகாத கல் ஒன்று கிடந்தது. ஒரு அறை அளவு இருக்கும். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், கயிறு அறுத்த தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அதன் நிழலில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். அவள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். தேதியைப் பார்க்கக்கூட மறந்துவிட்டாள்.

"போன ஞாயித்துக்கிழமை பஸ்கிட்ட நின்னு என்ன கேட்டீங்க?" என்றாள்.

அவர் சிரித்தார். "மறுபடியும் கேக்கணுமா? அதான் அன்னிக்கே கேட்டாச்சே."

"எனக்குக் கேக்கல."

"என்ன?"

"நீங்க கேட்டது எனக்குக் கேக்கவே இல்ல. பஸ் உறுமிட்டு இருந்துச்சு. வியாழக்கிழமைன்னு மட்டும்தான் காதுல விழுந்துச்சு. கிளம்பும்போது எல்லாரும் சொல்றதைத்தான் நானும் சொன்னேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். இரண்டு காதும் சிவந்து போயின. "அக்காகிட்ட சொல்லிட்டேனே" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "அக்கா யாருகிட்டயாவது சொல்லியிருப்பாங்களா?"

"யாருகிட்ட சொல்லலைன்னு கேளுங்க."

தண்ணீரில் ஏதோ பறவை ஒன்று இறங்கி ஏறியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி. இருபது வருஷமா லிப்ட்ல வேலை பாக்கறவன், ஒருத்தர் உள்ள இருக்காரா இல்லையான்னு பாத்துக் கதவைச் சாத்தணும். பாக்காம சாத்திட்டேன். தப்பு என்னோடது" என்றார். பிறகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். "இப்ப இரைச்சல் இல்ல. என்கூட வர்றீங்களா?"

அவள் பிஸ்கட் பாக்கெட்டை மடித்துக் கீழே வைத்தாள்.

"இல்ல" என்றாள். "வர மாட்டேன். உங்களைப் பிடிக்காம இல்ல. ரொம்பப் பிடிச்சிருக்கு. சொல்றதுக்கு என்ன வெக்கம்? ஆனா இந்த ஊரை இப்பதான் பாக்க ஆரம்பிச்சிருக்கேன். நாப்பது வருஷமாக் கடைக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கேன், அவ்வளவுதான். இப்ப விட்டுட்டு வந்தா, அங்க மூணு மருந்துக்கடைல ஒண்ணுல நின்னுட்டு இதையே நெனச்சுட்டு இருப்பேன். உங்க மேலதான் எரிஞ்சு விழுவேன்."

"நாந்தானே காட்டினேன்."

"நீங்கதான்."

"நல்லாக் காட்டினேன், போங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பதினோரு மாசத்தில் வழுக்குப் படிகளில்தான் அந்தக் கையைப் பிடித்திருக்கிறாள். இங்கே தரை சமமாகத்தான் இருந்தது.

பிறகு அவள் கேட்டாள். "நீங்க போனதுக்கப்புறம் அந்த ரெண்டு லிப்டையும் யாரு பாத்துப்பாங்க?"

"மாசத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து எண்ணெய் போட்டுட்டுப் போவாங்க. இங்கயே ஒரு ஆள் வேணும்னு கம்பெனி கேட்டுட்டுதான் இருக்கு. எவனும் ஒத்துக்கல. ரெண்டே ரெண்டு லிப்ட். பொழுது போகாம பைத்தியம் பிடிச்சுடும்." இதையும் அவர் வேலை சம்பந்தமான பேச்சு என்று நினைத்துத்தான் சொன்னார். அவளும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. தன்னை அப்படி ஒருவர் கேளாமலே தூக்கி வைத்ததில் வந்த எரிச்சல் இன்னும் முழுசாகத் தீரவில்லை. அதையே திருப்பி அவருக்குச் செய்ய அவளுக்கு மனமில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். தென்வாசலில் இறங்கினார்கள். நாளைக்கு மூட்டை கட்டுகிற வேலை இருக்கிறது என்று அவர் பொதுவாகச் சொன்னார். அவளுடைய டவுன் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள்.

"போறேன்" என்றார் அவர்.

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. இனி யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்று நிதானமாக, சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்துச் சொன்னார். அவள் படியிலிருந்து காலை எடுத்தாள். "ஏறும்மா, ஏறு" என்று கண்டக்டர் கத்தினார். அவள் ஏறவில்லை. பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பி மதில் முனையில் திரும்பிற்று.

"போறேன்னு சொல்லக் கூடாது" என்றாள்.

"வேற என்ன சொல்றது?"

"வரேன்னு சொல்லுங்க."

"வரேன்னு சொன்னா வரணுமே."

"ஆமா" என்றாள். "வரணும்."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்து, அண்ணாந்து தென்வாசலின் உச்சிக் கல்லைப் பார்த்தார், கீழே பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. யோசிக்கட்டும். அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும், கம்பெனியில் கேட்க வேண்டும், இரண்டே இரண்டு லிப்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் வேண்டாமா? அடுத்த பஸ் வர இருபது நிமிஷம் இருந்தது. அவள் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல" என்றாள். "சத்தமாச் சொல்லுங்க."

"வரேன்" என்றார், எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.