பதினோரு பெட்டிகளும் பரஞ்சோதியின் வாக்கும்

பரஞ்சோதிக்கு அவர் வாய்தான் எதிரி. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இடுகாட்டில் நின்ற அன்றைக்கு அவருக்கு மட்டும் மறந்துபோயிற்று.

பாடாங் மேஹா பக்கம் பழைய தோட்டத்து இடுகாட்டின் குறுக்கே அரசாங்கம் சாலை போடப் போவதாகச் சொன்னது. அங்கிருந்த பதினோரு சமாதிகளைத் தோண்டி, எலும்புகளைப் பெட்டியில் எடுத்துப் புது இடுகாட்டில் அடக்கும் குத்தகை பரஞ்சோதிக்குக் கிடைத்தது. முதல் மண்வெட்டி விழுமுன் யாராவது ஒருவர் சூடம் ஏற்றி, ஒரு பேரைச் சொல்லி, மாண்டவர்களிடம் பொறுப்பேற்க வேண்டும். தோட்டத்து வழக்கம் அது. “சர்க்கார் பேரச் சொல்லிடுப்பா” என்று பூசாரி குழந்தைவேலு காதோடு சொல்லத்தான் செய்தார். ஆனால் சுற்றிலும் குடும்பங்கள் கண்ணீரோடு தன்னையே பார்க்கும்போது பரஞ்சோதியின் நெஞ்சு தானாக நிமிர்ந்துவிட்டது.

“மூணு மாசம் பொறுத்துக்குங்க. புது எடத்துல படுக்க வச்சிடுறேன். பரஞ்சோதி சொல்றேன்!”

சாலையும் வரவில்லை, புது இடுகாடும் வரவில்லை. ஒதுக்கிய நிலத்தின் நாலு மூலையிலும் சிவப்பு முளைக்குச்சி அடித்ததோடு சரி. காசில்லை என்று அரசாங்கம் கையை விரித்துவிட்டது. பதினோரு பெட்டிகளும் பரஞ்சோதி வீட்டுக்குப் பின்னால், சிமெண்ட் மூட்டை அடுக்கும் ஸ்டோரில் ஒரு பலகைமேல் வரிசையாக இருந்தன. மூன்று மாதம் இருபது மாதமாயிற்று.

சத்தம் முதலில் கேட்டது அவர் மனைவி தேவகிக்கு. உச்சி வெயில் நேரத்தில், தூக்கம் பிடிக்காத ஆள் பலகையில் புரண்டு படுப்பதுபோல் ஒரு சத்தம். எலி என்று சொல்லிப் பரஞ்சோதி பொறி வைத்தார். பொறியில் வைத்த கருவாடு அப்படியே காய்ந்து கிடந்தது. அடுத்த வாரம் அவருக்கும் கேட்டது. அதன் பிறகு மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பயம் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, அல்சர் என்று சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் செர்டாங்கிலிருந்து அழகம்மா வருவார். ஏழாவது பெட்டியில் இருப்பது அவர் புருஷன் பக்கிரிசாமி. பெட்டி பக்கத்தில் ஒரு கிளாஸ் பால் சேர்க்காத கோப்பி-ஓ வைத்துவிட்டு, அது ஆறும்வரை உட்கார்ந்திருப்பார். எழும்போது ஒரே கேள்விதான்.

“எடம் வந்திருச்சா தம்பி?”

“அடுத்த மாசம் வந்துரும்க்கா.”

“அவரு நல்ல ஒசரம்யா. கால நீட்டிப் படுக்கணும். எனக்கும் பக்கத்துலயே எடம் வுட்டு வை.”

பெட்டி இரண்டடி நீளம். புரளும் சத்தம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று பரஞ்சோதி அதற்கப்புறம் காது வைத்துப் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில் அழகம்மாவின் மகள் சாந்தினி போன் செய்தாள். “அண்ணே, அம்மா போயிட்டாங்கண்ணே. எரிக்கக் கூடாது, அப்பா பக்கத்துலதான் வைக்கணும்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. எங்கண்ணே வைக்கிறது? நாளைக்கு மத்தியானம் எடுக்கணும்.”

பரஞ்சோதி நேரே நில அலுவலகத்துக்கு ஓடினார். குமாஸ்தா திவாகரன் ஃபைலைத் திறக்கக்கூட இல்லை.

“மாநிலமே கடன்ல முங்கிக் கெடக்குண்ணே. பழைய கடனக் கட்ட புதுக் கடன் வாங்குறாங்க. உங்க ஃபைலு நகராதுலா.”

“காசு, டுவிட் ஒண்ணும் வேணாம் தம்பி. நெலத்த மட்டும் வுடுங்க. நானே வெட்டிப் பொதச்சிக்கிறேன்.”

திவாகரன் குரலைத் தாழ்த்தினான். “அத மட்டும் செஞ்சிடாதீங்க. கடன அடைக்க எந்தெந்த நெலத்த விக்கலாம்னு லிஸ்ட் போட்டுக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் பொறுங்க.”

“இருபது மாசம் பொறுத்தவங்கள இன்னும் பொறுன்னு சொல்ல எனக்கு வாயில்ல தம்பி” என்று பரஞ்சோதி எழுந்து வந்துவிட்டார். அப்போதாவது அவர் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் ஐஸ் பெட்டியில் கிடக்கும் அழகம்மாவைத் தவிர வேறெதுவும் அவர் மனத்தில் நிற்கவில்லை.

விடிந்ததும் சொந்தக் காசில் ஆறு ஆட்களைப் பிடித்து, முளைக்குச்சிகளுக்கு நடுவே லாலான் புல்லை வெட்டிப் பன்னிரண்டு குழி தோண்டினார். சேதி கேட்டு மற்றக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. பக்கிரிசாமிக்கு மட்டும் பெட்டியைத் திறந்து, ஆறடிக் குழியில் எலும்புகளைத் தலைமாடு கால்மாடு பார்த்து நீட்டி வைத்தார். பக்கத்தில் அழகம்மாவை இறக்கினார்கள். சாந்தினி பரஞ்சோதியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

“இந்த வாட்டி அளந்து பேசு” என்று சொல்லித்தான் குழந்தைவேலு சூடத்தைக் கொடுத்தார்.

அளந்து பேசத்தான் நினைத்தார் பரஞ்சோதி. மனம் நிறைந்திருந்தது, அதுதான் வினை.

“நிம்மதியா படுங்க. இனிமே ஒங்கள யாரும் எழுப்ப மாட்டாங்க. பரஞ்சோதி சொல்றேன்!”

குழந்தைவேலு தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்று வாரம் ஸ்டோரில் சத்தமில்லை. தேவகி தரையைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். பரஞ்சோதி மத்தியானச் சோற்றை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நேற்றுக் கடிதம் வந்தது. கடனை அடைப்பதற்காக அந்த நிலம் ஒரு கம்பெனிக்கு விற்கப்பட்டுவிட்டது. அனுமதியில்லாமல் புதைத்த பன்னிரண்டையும் முப்பது நாளில் எடுத்துவிட வேண்டும். முன் அனுபவம் உள்ளவர் என்பதால் அந்தக் குத்தகையும் பரஞ்சோதிக்கே. கூலி, நிதி நிலைமை சீரானதும் தரப்படும்.

கடிதத்தைப் பிடித்தபடி ஸ்டோருக்குள் போனார். மணி பன்னிரண்டு. பலகை காலியாகத்தான் கிடந்தது, எதுவும் புரளவில்லை. ஆறின கோப்பியின் வாடை மட்டும் வந்தது. பிறகு காதருகே, கோபமே இல்லாமல், பழகின குரல் கேட்டது.

“எழுப்ப மாட்டாங்கன்னு சொன்னியே தம்பி?”

பரஞ்சோதி கையிலிருந்த கடிதத்தாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.