கசக்காத மாத்திரை

தன் ரொட்டிக்கடையில் சூடான தட்டு தம்பியின் கையிலிருந்து நழுவி விழுந்தபோது எல்லோரும் தூக்கக் கலக்கம் என்றார்கள். மறுபடியும் விழுந்தபோது அவன் மனைவி அவனை விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் நோய் என்றார் டாக்டர். உயிருக்கு உடனே ஆபத்தில்லை, ஆனால் தடுத்து நிறுத்த மருந்தும் இல்லை.

அக்கா மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தாள். செடிகொடிகளின் சாற்றைப் பிரித்து, அதில் எது எந்த நோய்க்கு ஆகும் என்று தேடுவது அவள் வேலை. அதுவரை காய்ச்சலுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தவள், மறுநாளே இயக்குநரிடம் போய், "சார், நான் தசை நோய்ப் பிரிவுக்கு மாறிக்கிறேன்" என்றாள். காரணம் கேட்டார். சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மாறிக்கோங்க. ஆனா அவசரப்பட்டா காரியம் கெடும்மா" என்றார்.

அவசரப்பட அங்கே வழியே இல்லை. காய்ந்த வேரையும் பட்டையையும் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டிய சாற்றைக் கண்ணாடிக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறக்கிப் பிரிக்க வேண்டும். பிரிந்த ஒவ்வொன்றையும் தட்டில் வளரும் தசைச் செல்கள்மேல் விட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. சில சமயம் செல்கள் கூண்டோடு செத்துப்போகும். வருடங்கள் இப்படியே ஓடின. ஒருநாள், ஒரு காட்டுக்கொடியின் வேர்ச்சாறு விட்ட தட்டில் மட்டும் நலிந்த செல்கள் பிழைத்துக் கிடந்தன. அவள் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து, ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்து மறுபடி பார்த்தாள். பிழைத்துத்தான் கிடந்தன.

அந்தச் சந்தோஷம் எலிகளோடு போயிற்று. மருந்து கொடுத்த எலிகளுக்குத் தசை தேறியது, ஈரல் வீங்கியது.

பக்கத்து அறையில் ரசாயனங்களைக் கொண்டு புதுப் புது மூலக்கூறுகளை உருவாக்குகிறவர் ஒருவர் இருந்தார். நாள் முழுக்கக் குடுவையில் எதையாவது கொதிக்கவிட்டுக்கொண்டே இருப்பதால் அவருக்குச் 'சமையல்காரர்' என்று பெயர் விழுந்திருந்தது. இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவள் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கொடி என்ன உங்க தம்பிக்காகவா மருந்து செஞ்சுது? பூச்சி தன்னைக் கடிக்கக் கூடாதுன்னு செஞ்சுக்கிச்சு. நம்ம ஈரலுக்கு ஆகாத துண்டை நான் வெட்டிட்டு, வேற ஒண்ணை ஒட்டித் தர்றேன். முதல்ல கண்ணைத் துடைங்க."

வெட்டியும் ஒட்டியும் அவர் செய்தவற்றில் பல தேறவில்லை. ஒன்று ஈரலை விட்டுவைத்தது, தசையைக் கைவிட்டது. இன்னொன்று நீரில் கரையவே மாட்டேன் என்றது. கடைசியில் ஒன்று இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. ஆனால் கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. எடை போடும்போது துளித் தூள் உதட்டில் பட்டு, சமையல்காரருக்கு அன்று முழுக்கக் காபிகூட ருசிக்கவில்லை. அக்கா இதைத் தம்பி வீட்டில் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டம் வந்தது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் பார்க்க அதேபோல் இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியக் கூடாது. தம்பியும் சேர்ந்தான்.

அந்த வருடம் முழுக்க அக்காவின் கண் அவன் கையிலேயே இருந்தது. தண்ணீர்க் குவளையை அவன் இரண்டு கையாலும் தூக்கத் தொடங்கியதைப் பார்த்தாள். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுவதைப் பார்த்தாள்.

"என்னக்கா, என் விரலையே பாக்குற? மோதிரம் வாங்கித் தரப்போறியா?"

அவள் சிரிக்கவில்லை. இவன் சாப்பிடுவது மருந்தாக இருந்தால், இத்தனை வருட உழைப்பும் வீண். வெறும் மாத்திரையாக இருந்தால், இவன் கை வீணாகிறது. எதை வேண்டிக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டவன்போல, "உன் மருந்து நல்ல மருந்துக்கா, கவலைப்படாதே" என்றான். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

முடிவுகள் வந்தன. மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் ஏறக்குறைய நின்றிருந்தது. ஆராய்ச்சிக்கூடமே கைதட்டியது. சமையல்காரர் கண் கலங்கி, புகை பட்டுவிட்டது என்றார். மறுநாள் டாக்டர் அக்காவையும் தம்பியையும் அவன் மனைவியையும் உட்காரவைத்து, தம்பியிடம் மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்குப் போனது வெறும் மாத்திரைதான்."

"தெரியும் டாக்டர்" என்றான் தம்பி. "முதல் வாரமே ஒண்ணைக் கடிச்சுப் பாத்தேன். கசக்கல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கடிச்சது தப்பு. ஆய்வே கெட்டிருக்கும்."

"தப்புதான். அதுக்கப்புறம் வெளியே மூச்சு விடல. இவளுக்கு மட்டும் தெரியும்."

மனைவி குனிந்த தலை நிமிரவில்லை. "நான் போடாத சண்டையில்ல அண்ணி. வெளியே வந்துடுங்கன்னு காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன்."

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். "ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ என்னை வெளியே இழுத்திருப்ப. நான் மட்டுமில்ல, எல்லாரும் இப்படிக் கடிச்சுப் பாத்துட்டுக் கிளம்பிட்டா, மருந்து வேலை செஞ்சுதுன்னு எதோட ஒப்பிட்டுச் சொல்லுவ? வெளியே வந்தா மட்டும் எனக்கு யாரு மருந்து தரப்போறா?"

அவள் அவனை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. சிறு வயதிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் அன்றே அழுது தீர்ப்பவள்போல அழுதாள்.

அவனைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஆய்வின் கணக்கை இரண்டு முறை போட்டார்கள். இரண்டிலும் முடிவு மாறவில்லை. "அப்ப நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதானா?" என்று தம்பி கேட்க, டாக்டரே சிரித்துவிட்டார். வெறும் மாத்திரை சாப்பிட்ட எல்லோருக்கும் இனி மருந்து உண்டு என்று முடிவானது. தம்பிக்கும் கிடைத்தது. முதல் மாத்திரையைக் கடிக்காமல் விழுங்கினான்.

போன பலம் திரும்பி வரவில்லை. மாவு பிசைவதை மனைவி எடுத்துக்கொண்டாள். அவன் அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரொட்டி எப்போது வெந்தது என்று சொன்னான். மாதங்கள் கழித்து, ஆஸ்பத்திரியில் கைப்பிடியின் வலுவை அளக்கும் கருவியை அழுத்தினான். முள் போன தடவை நின்ற இடத்திலேயே நின்றது.

"முன்னேறாததுக்கு இவ்வளவு சந்தோஷப்படுற குடும்பம் நம்ம குடும்பம்தான்" என்றான்.

வெளியே தெருவில் நடக்கும்போது அக்கா தன் கையை அவன் கையில் கொடுத்தாள். "அழுத்துடா, பாக்கலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான்.

"ஆ, வலிக்குதுடா!" என்று அவள் பொய் சொன்னாள்.